ஒரு சாண்

நாலு பேர் வயதையும் கூட்டிப் பார்த்தோம்,
மஞ்சள் மண்டிக் கணக்கு நோட்டின் கடைசித் தாளில்.
வசந்தாமணிதான் கூட்டினாள்,
மூட்டைக் கணக்குப் போடுகிற அதே வேகத்தில்:
ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்று,
நாற்பத்தாறு, நாற்பத்துநாலு.
நூற்றுத் தொண்ணூற்றொன்பது.

இருநூறு ஆனால்தான் பெரியவர்கள் ரிலே.
ஒன்று குறைந்தாலும்
முப்பத்தைந்து வயசுப் பிள்ளைகளோடு இறங்கி
அவர்கள் கிளப்பும் அலையைக் குடித்துவிட்டு வரவேண்டும்.

"ஒரு வருசத்துக்கு எங்கீங்க போறது?" என்றாள் மெஹராஜ்.
ஸ்டெல்லாதான் படிவத்தைத் திருப்பிப் படித்தாள்:
வயது, டிசம்பர் முப்பத்தொன்றில் உள்ளபடி.
அவள் பிறந்தது டிசம்பர் ஒன்பது.

நாற்பத்தைந்து ஆகப்போகிறாள் என்பதற்காக
ஒரு பெண்ணை மூன்று பெண்கள் தூக்கிச் சுற்றியதை
ஈரோடு அதற்குமுன் பார்த்திருக்காது.
காவலாளி விசில் ஊதினார்:
"தண்ணியோரம் ஆடக்கூடாதுங்க."

வெடியால அஞ்சேகால்.
தொப்பிக்குள் முடி போனதும்
யார் டீச்சர், யார் நர்ஸ்,
யார் வட்டிக்கு விட்டவள், யார் கட்டுகிறவள்
ஒன்றும் தெரியாது.
மெஹராஜின் முகத்தைவிட
அவள் பாதம் எனக்குப் பழக்கம்.
ஆறு மாதம் அதன் பின்னாலேயே நீந்துகிறேன்.
இடது குதிகாலில் ஒரு வெடிப்பு.
களைத்துப்போனால் மட்டும் விலகி நிற்கும் பெருவிரல்.

ஸ்டெல்லாவுக்கு மூன்று வீச்சுக்கு ஒரு மூச்சு.
நைட் டூட்டியில் யாராவது செத்துப்போன நாளில்
இரண்டுக்கு ஒன்று.
அன்றைக்கு எதுவும் கேட்கமாட்டோம்.
ஓரத் தடத்தை அவளுக்கு விட்டுவிடுவோம்.

அப்புறம் கரையேறி, தூக்குப்போசியில் கச்சாயம்.
நீச்சல் பசிக்கு ஒறம்பரை மரியாதை கிடையாது.

"இந்த வயசுல என்னத்துக்கு இந்தக் கூத்து?"
வசந்தாமணியின் நாத்தனார் கேட்டாராம்.
"கூத்துத்தானுங்க. டிக்கெட் இல்ல, வந்து பாருங்க."

கோயமுத்தூர். பதினோரு மணி வெயில். நாலாம் தடம்.
மெஹராஜ் போய்த் திரும்பிச் சுவரைத் தொட்டாள்.
நான் போய்த் திரும்பினேன்.
காது முழுக்க என் நெஞ்சே அடிக்கிறது.
சுவர் தெரிகிறது. இன்னும் ஒரே வீச்சு.
கைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண்,

அப்போது
எனக்குக் கீழே, நீல ஓடுகளின் மேல்,
ஒரு நிழல் போனது.
கை இரண்டும் நீட்டி,
கால் கொஞ்சம் விரிந்து.
எழுபத்தாறு கிலோ வசந்தாமணி
காற்றில் இருந்தாள்.

நான் இன்னும் தொடவில்லை.

தொட்டேன்.

நடுவர் கையைத் தூக்கும் முன்பே
எனக்குத் தெரிந்துவிட்டது.
கம்பியைப் பிடித்து ஏறும்போதும்
அந்த நிழல்தான் கண்ணுக்குள் நின்றது.
அவ்வளவு ஆசையாய் ஒருத்தி
எதற்குள்ளும் குதித்து நான் பார்த்ததில்லை.

ஸ்டெல்லாவிடம் சொல்லவில்லை.
அவள் பலகைமேல் குனிந்து நின்றாள்.
குதித்தாள்.
மூன்றுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று,
அவசரப் பிரிவுக்கு ஓடுகிறவள் மாதிரி.
நானும் கத்தினேன், தொண்டை கிழிய,
"விடாத அம்மிணி, விடாத!"
அதில் பொய் கொஞ்சமும் இல்லை.

மூன்றாவதாகத் தொட்டோம்.
ஒட்டிய தாளில் எங்கள் பெயருக்கு நேரே
நிமிடமும் இல்லை, நொடியும் இல்லை,
ஒரு கோடு.

வசந்தாமணி துண்டைப் பிழிந்தாள்.
"நான் ஒண்ணும் முந்தலை.
நீதான் கண்ணு, ஒரு சாண் தாமசம்."

அவிநாசி வரைக்கும் சிரித்தோம்.
மெஹராஜுக்கு விக்கல் வந்து
அதற்கும் சிரித்தோம்.
முன்சீட்டில் நோட்டு திறந்தது:
"அடுத்த வருசம் எரநூத்தி நாலு."

பெருந்துறை தாண்டும்போது
ஸ்டெல்லா மட்டும் திரும்பி மெல்லக் கேட்டாள்:
"நான் குதிக்கும்போதே உனக்குத் தெரியுமா?"
தலையாட்டினேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.
பிறகு என் பங்குக் கச்சாயத்தை எடுத்து
முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள்.